அந்தம்மா வீட்டு மண்ணெண்ணெய்

1

என் கைப்பேசியில் இரண்டு ஊர்களின் வானிலை வைத்திருக்கிறேன். மேலே நான் இருக்கிற கிள்ளான், கீழே வட அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயர் மூன்று வருஷமாகியும் என் வாயில் ஒழுங்காக வரவில்லை. என் மகள் தர்ஷினி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர்க் குளிரைத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வடைக்கடை முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்து ஆபீஸில் வேலை செய்கிறவள், வாரத்தில் நான்கு நாள் வருவாள். கையில் இருந்த ஃபைலால் விசிறிக்கொண்டே, "என்ன அக்கா இப்படிப் புழுங்குது, மனுசன் இருக்க முடியல லா" என்றாள்.

எண்ணெய்ச் சட்டிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் நான். முகத்தில் வடிந்த வியர்வையைத் துடைத்துவிட்டு, "என் பொண்ணு ஊர்ல மைனஸ் ரெண்டு" என்றேன்.

"வாவ், ஸ்னோவா? லக்கி அக்கா உங்க பொண்ணு."

நான் நான்கு உளுந்து வடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவளிடம் என்ன சொல்வது? இங்கே வெயில் கேட்காமலே வந்து தலையில் விழுகிறது. எங்கள் கிள்ளான் வீட்டில் ஏர்கான் கிடையாது. இரண்டு அறைகளில் இரண்டு காத்தாடி, அதில் ஒன்றுதான் உருப்படியாகச் சுற்றும். நான் சூட்டை விரட்டக் காசு கட்டுகிறேன். என் மகள் அதே சூட்டை விலை கொடுத்து வாங்குகிறாள். இந்த ஊர் வெயிலில் ஒரு கரண்டி அள்ளி அனுப்ப வழியில்லை.

2

ஊரில் இருக்கிற நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். வெள்ளைக்காரன் நாட்டில் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வீடு சூடாகிவிடும், அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யார் யோசிப்பார்கள்? போன கார்த்திகையில் தர்ஷினி போனில் சொன்னாள்.

"மா, ஆயில் டாங்க் காலியாகப் போகுது. இந்த ஊர்ல எல்லார் வீட்டுலயும் கெரோசின்தான். அதை எரிச்சாத்தான் ஹீட்டர் ஓடும்."

"கெரோசின்னா? மண்ணெண்ணெயா?"

"ஆமா மா. விலை எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. எங்கேயோ சண்டையாம், கப்பல் வரலையாம். லாரிக்குச் சொல்லி மூணு வாரம் ஆகுது, இன்னும் காணோம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். நாங்கள் அதை கிருஷ்ணாயில் என்போம். ரேஷன் கடைக்கு எண்ணெய் என்றைக்கு வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. வண்டி வருகிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே கேனைத் தூக்கிக்கொண்டு ஓடும். மனிதர் நிற்க முடியாத நேரத்தில் கேன் நிற்கும். ஒவ்வொரு கேனின் காதிலும் ஒரு துணிக் கிழிசல், அடையாளத்துக்கு. காற்றில் பறக்காமலிருக்க உள்ளே ஒரு கல். எங்கள் கேனில் சிவப்புப் பாவாடைத் துணி கட்டியிருக்கும்.

ஆனால் கேனை மட்டும் விட்டுவிட்டு வந்தால் யாராவது காலால் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அம்மா நடவுக்குப் போய்விடுவார். தம்பிக்குப் பள்ளிக்கூடம். எனக்கும் பள்ளிக்கூடம்தான், ஆனால் தம்பியுடையது பெரிய பள்ளிக்கூடம் போல வீட்டில் பேசுவார்கள். கடைக்காரர் பேரலுக்குள் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுப்பார். குச்சி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கடைசியில் நிற்கிற நாங்கள் எட்டிப் பார்ப்போம். அந்தக் குச்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் என் எட்டாம் வகுப்பு போனது. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். அழுததாக ஞாபகம் இல்லை. தம்பி அன்றைக்கு மாலையில் பையை மாட்டிக்கொண்டு வந்தபோது அவன் சட்டையில் இருந்த மைக்கறையை வெகுநேரம் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அவன் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறான். நல்லாயிருக்கட்டும். ஆனால் அவன் போனில் "அக்கா, உனக்கென்ன, வெளிநாடு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மைக்கறைதான் கண்ணில் நிற்கிறது.

3

தர்ஷினி குடியிருப்பது மொரீன் என்கிற அம்மாவின் வீட்டில். எழுபது வயதுக்கு மேல், கணவர் இல்லை. மாடியில் ஒரு அறையை இவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டாங்க். அதில் எண்ணெய் இருந்தால் வீடு முழுக்கச் சூடு. இல்லையென்றால் இருவருக்கும் குளிர்.

தினமும் கடையைக் கட்டிவிட்டு, கமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் அவளைக் கூப்பிடுவேன். அங்கே அப்போது மதியம்.

"சாப்பிட்டியா? குச்சி எவ்வளவு நனைஞ்சுது?"

"ரெண்டு விரல் மா."

"நேத்து மூணு சொன்னியே."

"நேத்து குளிச்சோம்ல மா."

டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான். மீட்டர் ஒன்று இருந்ததாம், அது கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறதாம். நான் சொல்லித்தான் அவள் தோட்டத்திலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து விட்டுப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் மகள் படித்த படிப்புக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்று மிச்சம் இருந்தது.

ஆனால் நான் போனை வைத்ததும் அவள் கீழே இறங்கி அந்தம்மாவின் அடுக்களைக்குப் போய்விடுவாள். அங்கேதான் கொஞ்சம் கதகதப்பு இருக்குமாம். இரண்டு பேரும் ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு டீ குடிப்பார்களாம். வேலையிடத்தில் ஒரு கிழவர் இறந்துபோனது, சூப்பர்வைசரோடு சண்டை, எல்லாவற்றையும் அங்கே சொல்லியிருக்கிறாள். எனக்கு அவை ஒரு வாரம் கழித்துப் பேச்சுவாக்கில் வந்து சேரும்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ டென்ஷன் ஆவ மா."

நான் பயப்படுகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ரயில் பத்து நிமிஷம் நின்றால் தண்டவாளம் உடைந்துவிட்டது என்று நினைப்பேன். ஆனால் பயப்படுகிறவளிடம் சொல்லாமல் இன்னொருத்தியிடம் சொன்னால் பயம் குறையுமா?

ஒரு நாள் வீடியோவில் பேசும்போது பின்னாலிருந்து அந்தம்மாவின் குரல் கேட்டது. "டீ, லவ்?" என்றார்.

"என்னடி அது, உன்னை லவ்வுங்கிறாங்க?"

"இங்க எல்லாரையும் அப்படித்தான் மா கூப்பிடுவாங்க. போஸ்ட்மேனையும் லவ்னுதான் கூப்பிடுவாங்க."

போஸ்ட்மேனை என்னவோ கூப்பிடட்டும். எங்கள் வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. சாப்பிட்டியா என்பதற்குள் எல்லாவற்றையும் வைத்துத்தான் கேட்போம். அது அந்த ஊர்க் குளிரில் போதவில்லையோ என்று அன்று முழுக்க யோசித்தேன். வடை இரண்டு ஈடு கருகிப்போனது.

4

மார்கழி பிறந்தும் லாரி வரவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனில் இருபது லிட்டர் கேனில் விற்கிறார்கள் என்று தர்ஷினி சொன்னாள். அதற்கும் வரிசையாம். அந்தம்மாவுக்கு முட்டி வலி, இவள்தான் தூக்கி வருவாள். எனக்கு அந்தக் காட்சியை நினைக்கவே முடியவில்லை. இந்தக் கேனைத் தூக்கக் கூடாது என்றுதான் நான் கடல் தாண்டினேன். கேன் எனக்கு முன்னால் போய் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய டாங்கில் ஊற்றி வீடு முழுவதையும் ஏன் சூடாக்க வேண்டும்? ஒரு திரி அடுப்பு இருந்தால் ஒரு லிட்டரில் ஒரு அறை சூடாகிவிடுமே. எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் அதைச் சுற்றித்தான் உட்காருவோம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணனைப் பிடித்தேன். அவர் பரணில் ஏறித் தேடி, தூசி தட்டி, பத்துத் திரி வைத்த புது அடுப்பு ஒன்றை எடுத்துத் தந்தார். "இதெல்லாம் இப்ப யாரு அக்கா கேக்குறா? வெளியூருக்கா?" என்றார். "அயர்லாந்துக்கு" என்று சொன்னபோது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

தபால் நிலையத்தில் ஒரு மணி நேரம். ஃபாரத்தில் பொருளின் பெயர், எடை, எதற்கு, விலை. இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அடையாள அட்டைக்காக நான் எழுதாத ஃபாரமில்லை, ஆனாலும் பேனாவைப் பிடித்தால் கை எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மக்சிக், உள்ளே எண்ணெய் இருக்கா?" என்று மலாயில் கேட்டாள். மக்சிக் என்றால் அத்தை.

"இல்லம்மா, புதுசு. மோந்து பாரு."

அவள் உண்மையிலேயே மோந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

எப்படிப் பற்றவைப்பது என்று தர்ஷினிக்கு வீடியோவில் சொல்லிக் கொடுத்தேன். திரியை ஒரே உயரமாக வெட்டு, அரை மணி ஊற விடு, சுடர் நீலமாக வரணும். அதோடு இன்னொன்றும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதக் கை வரவில்லை. குளிர் உள்ளே வராதபடி ஜன்னலை மூடி, கதவிடுக்கில் துணியைத் திணித்துக்கொள் என்றேன்.

மன்னார்குடி வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கதவை மூடினாலும் காற்று அதன் பாட்டுக்கு வந்து போகும். அந்த ஊர் அறை அப்படியல்ல என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஊசி போக இடமில்லாமல் கட்டிய அறையில், என் பேச்சைக் கேட்டு, என் மகள் அந்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்ததாம். காற்றில் விஷம் கூடினால் கத்துமாம். அது கத்தியிருக்கிறது. அந்தம்மா முட்டி வலியோடு மாடி ஏறி, கதவைத் தள்ளி, ஜன்னலைத் திறந்து, இவளை இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். இவளுக்குத் தலைவலி, ஒரு வாந்தி, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் வீடியோவில் அந்தம்மாதான் முதலில் வந்தார். அடுப்பைக் கையில் தூக்கிக் காட்டி, தலையை மெதுவாக ஆட்டி, "நோ, லவ். நோ" என்றார். அந்த லவ் எனக்கு.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகளைக் காப்பாற்றிய கைக்கு அந்தக் கும்பிடு. மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தவளாக நானும் காத்தவராக அவரும் இருந்திருக்கலாம். நான் கெடுத்தவளாகவும் அவர் காத்தவராகவும் ஆகிவிட்டது. அந்தப் பொறாமை நன்றியோடு சேர்ந்தே இருந்தது.

5

தர்ஷினி இந்தப் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஒரு வருஷமாக டிக்கெட்டுக்குச் சேர்த்து வைத்திருந்தாள். நான் பக்கத்து ஊர் ஜெஞ்சாரோமில் சொல்லி வைத்துக் கரும்புக்கு ஏற்பாடு செய்திருந்தேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவளுக்கு ஒரு சேலை எடுத்து, அது அவள் நிறத்துக்கு எடுக்குமா என்று மூன்று தடவை மாற்றியிருந்தேன்.

அடுப்பு விஷயம் நடந்து நான்காம் நாள் கூப்பிட்டாள். குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மா, லாரி வருது. ஆனா ஐநூறு லிட்டருக்குக் கொறஞ்சா ஊத்த மாட்டாங்களாம். மொரீன் பென்ஷன்ல பாதிதான் முடியும். மீதியை நான் போட்டுட்டேன்."

"எந்தக் காசுல?"

"நாளைக்குக் காலையில வருதாம் மா."

"தர்ஷினி, எந்தக் காசுல?"

"சும்மா தரல மா. வெயில் காலத்துல டாங்குக்குச் செலவிருக்காது, அப்ப திருப்பித் தரேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க மேல ஏறி வரலைனா நான் இன்னைக்குப் பேசிக்கிட்டிருக்கவே மாட்டேன் மா."

போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். பேசி முடித்து வந்து வாசலில் நின்றார்.

"நல்லதுதானே செஞ்சிருக்கா. விடு லா, வளர்" என்று என் பெயரைச் சொல்லித் தேற்றினார்.

"என் பொண்ணோட டிக்கெட்டு அந்தம்மா வீட்டு பாய்லர்ல எரியுது. விடுங்கிறீங்க."

"அந்தம்மா மேல பொறாமையா உனக்கு?"

"ஆமா."

அவர் நான் இல்லையென்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "அந்த கெழவிக்கு நம்ம பொண்ணை விட்டா டாங்கை எட்டிப் பார்க்கக்கூட ஆளில்ல. நீ என்னடான்னா அவகூட போட்டி போடுற."

"ஆளில்லாதவங்களுக்கெல்லாம் நான்தான் பிள்ளை பெத்துத் தரணுமா?"

சொன்ன பிறகு எனக்கே கூசியது. அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ரேஷன் வரிசையில் நம் கேன் நிற்கிறது என்று நம்பி நிழலுக்குப் போய்த் திரும்பினால், நம் இடத்தில் இன்னொருத்தியின் கேன் இருக்கும். கேட்டால், நீ இல்லையே என்பாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். அன்று அடுக்களையில் நின்றபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் குச்சி பற்றிக் கேட்பதை நிறுத்தினேன். டாங்க் நிறைந்துவிட்டது, இனி என்ன கேட்க? "சாப்பிட்டியா" என்பேன். "சாப்பிட்டேன் மா" என்பாள். அதோடு ரயில் கிள்ளானுக்கு வந்துவிடும்.

6

பொங்கலன்று காலையில் நானும் அவரும் மட்டும் வாசலில் பானை வைத்தோம். கரும்பு வந்தது, மெல்ல ஆளில்லை. மாலையில் கடைக்குப் போனேன். முதல் ஈடு வடையை எண்ணெயில் போட்ட நேரத்தில் போன் அடித்தது. வீடியோ. அங்கே காலை பத்து மணி.

படத்தில் தர்ஷினி முகம் இல்லை. ஒரு தோட்டம், ஈரப் புல், பச்சை டாங்கின் ஓரம். நடுவில், திறந்தவெளியில், என் திரி அடுப்பு. அதன் மேல் ஒரு சின்னப் பாத்திரம். மொரீன் அம்மா ஒரு கையில் குடையைப் பாத்திரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தார்.

"மா, சுடர் மஞ்சளாவே வருது. புகை. என்ன செய்யணும்?"

தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கடைசியாக வாங்கிய கேனில் மீந்த எண்ணெயை ஊற்றி, வெளியே வைத்தால் ஆபத்தில்லை என்று அந்தம்மாதான் எடுத்து வைத்தாராம்.

"அணை முதல்ல. ஆறட்டும். திரியைப் பிசிரில்லாம வெட்டச் சொல்லு. எல்லாம் ஒரே மட்டம். அந்தக் கடைசித் திரி உயரமா இருக்கு பாரு, அதான் புகையுது."

அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தம்மா ஒவ்வொரு திரியாக வெட்டினார். வெட்டிவிட்டு, சரிதானா என்று போனைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று நான் விரலால் காட்டினேன். வெட்டினார். மறுபடி பார்த்தார். என் கடை முன்னால் வடைக்கு நின்ற அந்த ஆபீஸ் பெண் எட்டிப் பார்த்து, "யாரு அக்கா, உங்க சம்பந்தியா?" என்றாள்.

"பேசாம இரும்மா" என்றேன். எண்ணெயில் கிடந்த வடையை அவளே கரண்டியால் எடுத்து வைத்தாள்.

மறுபடி பற்றவைத்தபோது சுடர் நீலமாக வந்தது. பால் மெல்ல ஏறியது. அந்தம்மா குடைக்குள் குனிந்து, என் அடுப்பில் தன் கையைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். விரல்கள் மெலிந்து, முட்டிகள் வீங்கி, நீலம் பாரித்திருந்தன. அந்தக் கையை அதுவரை நான் கவனித்ததில்லை. பால் விளிம்புக்கு வந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல நான் மூச்சை இழுத்தேன்.

அந்தம்மா முந்திக்கொண்டார். தப்பும் தவறுமாக, ஆனால் முழுசாக, மூன்று தடவை சொன்னார். என் மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

நான் நான்காவதாகச் சொன்னேன்.

"மா, ஆகஸ்ட்ல வரேன்" என்றாள் தர்ஷினி. "அதுக்குள்ள காசு திரும்பிடும். மொரீனும் வரேங்கிறாங்க. உங்க ஊர்ல சூடு ஃப்ரீயான்னு கேக்குறாங்க."

"ஃப்ரீதான், வரச் சொல்லு" என்றேன். அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

விருந்தாளி வயசானவர், இந்தப் புழுக்கம் தாங்க மாட்டார், உருப்படியான காத்தாடி இருக்கிற அறையை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அது தர்ஷினியின் அறை.